இணைய வேகமும் வலை அட்டையும்: ஓர் ஐம்பதாண்டு வரலாறு

சேலத்திலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு புறப்படும் லாரிகளை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். நான்கு வழிச் சாலையில் அவை தடையின்றி வருகின்றன. இராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்து, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் என்ன ஆகிறது? ஒவ்வொரு வளைவிலும் நின்று, எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டு, ஊர்ந்து ஊர்ந்துதான் ஏற வேண்டியிருக்கிறது. ஒரு நாளில் எவ்வளவு சரக்கு மலைமேல் போய்ச் சேரும் என்பதைக் கீழே உள்ள அகலமான சாலை முடிவு செய்வதில்லை. அந்த வளைவுகள்தாம் முடிவு செய்கின்றன. லாரிகளுக்கெல்லாம் புதிய எஞ்சின் பூட்டினாலும் இந்தக் கணக்கு அதிகம் மாறாது.

இணையத்திலும் இதே கணக்குத்தான். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக் கணிப்பொறியை இன்னும் வைத்துக்கொண்டிருக்கும் வீடுகளும் பள்ளிகளும் நம் ஊர்களில் ஏராளம். இணையம் மெதுவாக வருகிறது என்று யாரிடமாவது சொன்னால், "லேன் கார்டை மாற்றிப் பாருங்கள்" என்ற யோசனை உடனே கிடைக்கும். சில நூறு ரூபாய் முதல் ஆயிரத்துக்கு மேலும் செலவாகும் காரியம் இது. இந்த யோசனை சரியா? சில சமயம் சரி, பல சமயம் தவறு. எப்போது சரி, எப்போது தவறு என்பதை விளங்கிக்கொள்ள, அந்தச் சிறிய அட்டையின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

வலை அட்டை என்பது என்ன?

கணிப்பொறிக்குள் செய்திகள் 0, 1 என்னும் இரண்டே குறிகளாக இருக்கின்றன. இக்குறி ஒவ்வொன்றும் ஒரு பிட். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். இந்தப் பிட்டுகளைக் கம்பியில் செல்லக்கூடிய மின் துடிப்புகளாக மாற்றி வெளியே அனுப்புவதும், வெளியிலிருந்து வரும் துடிப்புகளை மீண்டும் பிட்டுகளாக மாற்றி உள்ளே தருவதும் வலை அட்டையின் வேலை. கடைகளில் இதனை லேன் கார்டு என்பார்கள். முன்பு தனி அட்டையாகச் செருகப்பட்டது. பிற்காலக் கணிப்பொறிகளில் தாய்ப்பலகையிலேயே சேர்ந்து வருகிறது.

ஒரு சிறு எச்சரிக்கை. இணைய நிறுவனங்கள் வேகத்தைப் பிட்டில் சொல்கின்றன. கோப்பின் அளவைக் கணிப்பொறி பைட்டில் காட்டுகிறது. நொடிக்கு 100 மெகாபிட் என்று பணம் கட்டியவர் திரையில் 12 மெகாபைட் என்று கண்டு ஏமாற்றமடைய வேண்டியதில்லை. 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5 தானே!

ஹவாய்த் தீவுகளில் விழுந்த விதை

1971-ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக் கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும், தீவுகளுக்கிடையே கம்பி இல்லாமல் வானொலி அலை மூலம் கணிப்பொறித் தொடர்பு ஏற்படுத்தினார்கள். அதற்கு அலோகா வலை என்று பெயர். எல்லா நிலையங்களும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தின. இரண்டு நிலையங்கள் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் இரண்டு செய்திகளும் குழம்பிப் போகும். அப்போது ஒவ்வொன்றும் சிறிது நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பும். அதன் வேகம் நொடிக்கு 9,600 பிட்.

இந்த ஏற்பாட்டைப் படித்து அதனை மேம்படுத்தியவர் ராபர்ட் மெட்காஃப். அமெரிக்காவில் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் அவர் பணியாற்றினார். அங்கே ஆல்டோ என்ற புதுவகைக் கணிப்பொறிகளும், அவற்றுக்குப் பொதுவாக ஒரு லேசர் அச்சுப்பொறியும் உருவாகிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் ஒரே கம்பியில் இணைக்க வேண்டும். 1973-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் மெட்காஃப் எழுதிய குறிப்பில்தான் 'ஈதர்நெட்' என்னும் சொல் முதன்முதலாக வந்தது. டேவிட் பாக்ஸ் என்பவருடன் சேர்ந்து அதனை அவர் செய்து காட்டினார்.

இயற்பியல் மாணவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதாக இருக்கும். ஒளி அலைகள் பரவுவதற்கு ஈதர் என்னும் ஊடகம் எங்கும் நிறைந்திருக்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டில் நம்பினார்கள். 1887-இல் மைக்கேல்சனும் மார்லியும் செய்த சோதனையில் அத்தகைய ஊடகத்தின் அடையாளமே தென்படவில்லை. இயற்பியல் கைவிட்ட அந்தச் சொல்லைக் கணிப்பொறியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் பொதுவான கம்பியே அவர்களுடைய ஈதர்.

முதல் ஈதர்நெட்டின் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். ஏன் இந்த விநோதமான எண்? ஆல்டோ கணிப்பொறியின் கடிகாரம் 170 நானோ நொடிக்கு ஒருமுறை துடித்தது. இரண்டு துடிப்புக்கு ஒரு பிட், அதாவது 340 நானோ நொடிக்கு ஒரு பிட் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 2.94. ஆக, தொடக்கத்திலேயே வலையின் வேகத்தை முடிவு செய்தது கணிப்பொறியின் உள்ளமைப்புத்தான். அன்றைய குறுகலான இடம் பெட்டிக்குள்ளே இருந்தது.

மேசைக்கு வந்த அட்டை

1980-இல் டிஜிட்டல், இன்டெல், செராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து நொடிக்கு 10 மெகாபிட் என்ற வேகத்தில் ஒரு பொது வரையறையை வெளியிட்டன. 1983-இல் ஐ.இ.இ.இ. என்னும் மின்பொறியாளர் அமைப்பு ஈதர்நெட்டுக்கு 802.3 என்ற எண்ணில் தரநிர்ணயம் வகுத்தது. இதற்கிடையே மெட்காஃப் 1979-இல் தொடங்கிய 3காம் நிறுவனம், 1982-இல் ஐ.பி.எம். தனிக் கணிப்பொறிக்கான ஈதர்லிங்க் அட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாம் இன்று அறிந்த வலை அட்டையின் முன்னோடி அதுவே.

முதலில் பருத்த இணையச்சுக் கம்பியே பயன்பட்டது. 1990-இல் தொலைபேசிக் கம்பி போன்ற முறுக்கிய இணைக் கம்பியில் 10 மெகாபிட் அனுப்பும் முறை தரப்படுத்தப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் 'கல்பனா' என்னும் நிறுவனம் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர் வினோத் பரத்வாஜ் என்னும் இந்தியர். அதுவரை எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொண்டன. ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுத்திருக்கும் ஊர்க்கூட்டம் போன்ற நிலை அது. சுவிட்சு வந்தபின் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தனிப்பாதை கிடைத்தது.

1995-இல் 100 மெகாபிட், 1999-இல் அதே முறுக்குக் கம்பியில் 1,000 மெகாபிட், அதாவது ஒரு கிகாபிட், 2016-இல் 2,500 மெகாபிட் என வரையறைகள் வளர்ந்தன. கம்பி ஏறத்தாழ அதுவேதான். மாறியது அதனைப் பயன்படுத்தும் உத்தி. 100 மெகாபிட் அட்டை, கம்பியில் உள்ள நான்கு இணைகளுள் இரண்டை மட்டும் பயன்படுத்துகிறது: அனுப்ப ஒன்று, பெற ஒன்று. கிகாபிட் அட்டையோ நான்கு இணைகளையும், ஒவ்வொன்றிலும் இரு திசையிலும் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு இணையிலும் நொடிக்கு 12.5 கோடிக் குறிகள், குறி ஒன்றுக்கு இரண்டு பிட், நான்கு இணைகள். பெருக்கிப் பாருங்கள், 100 கோடி வரும். தான் அனுப்பியதன் எதிரொலியைக் கழித்துவிட்டு, எதிர்முனையிலிருந்து வந்ததை மட்டும் பிரித்தறியும் மின்சுற்று மலிவானதால்தான் இது முடிந்தது.

சென்னையில் இணையம்

உலகம் இவ்வாறு செல்கையில் நம் நாட்டு நிலை என்ன? 1986-இல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் என்ற கல்வி, ஆய்வு வலையமைப்பைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கு பெற்ற நிறுவனங்களுள் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள். விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் அதனைத் தொடங்கி வைத்தது. தனிநபருக்கு 250 மணி நேரத்துக்குக் கட்டணம் 5,000 ரூபாய். தொலைபேசிக் கட்டணம் இதற்கு மேல்.

அப்போது இணையம் தொலைபேசிக் கம்பி வழியாக வந்தது. மோடம் என்னும் கருவி பிட்டுகளை ஒலியாக மாற்றி அனுப்பும். அந்நாளைய மோடங்கள் பலவற்றின் வேகம் நொடிக்கு 9.6 அல்லது 14.4 கிலோபிட். அதாவது ஹவாய்த் தீவுகளில் 1971-இல் இருந்த வேகத்தை ஒட்டியே இருந்தது. வலை அட்டைகளோ அப்போதே 10 மெகாபிட் வேகத்தைத் தாண்டிக்கொண்டிருந்தன.

மோடத்தை இன்னும் வேகமாகச் செய்திருக்கலாமே என்று தோன்றும். அதற்கு இயற்பியல் ஓர் எல்லை வகுத்திருந்தது. 1948-இல் கிளாடு ஷானன் கண்ட விதிப்படி, ஒரு வழியில் செல்லக்கூடிய செய்தியின் அளவு இரண்டைப் பொறுத்தது: அதன் அலைவெண் அகலம், இரைச்சலைவிடக் குறிப்பலை எத்தனை மடங்கு வலியது என்பது. மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்ட தொலைபேசி வழி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையே கடத்தும். நல்ல கம்பியில்கூட ஷானன் விதி தரும் எல்லை ஏறத்தாழ நொடிக்கு 35 கிலோபிட். மோடங்கள் 33.6 கிலோபிட்டை எட்டி அங்கே நின்றன. 1998-இல் தரப்படுத்தப்பட்ட 56 கிலோபிட் மோடம், தொலைபேசி நிலையங்கள் எண்முறைக்கு மாறிவிட்டதால் ஒரு திசையில் மட்டும் சற்றுக் கூடுதலாகப் பெற்றது. குறுகலான இடம் இப்போது பெட்டியை விட்டு வெளியேறி, வீட்டுக்கும் தொலைபேசி நிலையத்துக்கும் இடையில் வந்துவிட்டது.

மேலூரில் ஒரு முயற்சி

தொலைபேசிக் கம்பியே இல்லாத கிராமங்கள் என்ன செய்வது? சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு இக்கேள்விக்கு விடை தேடியது. அவர்கள் உருவாக்கிய 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லா முறையில், ஒரு கோபுரத்திலிருந்து நேர்ப்பார்வையில் 10 கிலோமீட்டர் வரையும், இடைநிலை கோபுரம் வைத்து 25 கிலோமீட்டர் வரையும் பேச்சும் இணையமும் அனுப்ப முடிந்தது. இணைய வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். கிராமங்களுக்கு இதனைக் கொண்டுசெல்ல 2000-இல் என்-லாக் என்ற நிறுவனம் அமைந்தது.

அதே காலத்தில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் ஊர்தோறும் இணைய மையங்கள் தொடங்கப்பட்டன. சான்றிதழ் விண்ணப்பம் அனுப்பவும், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவரிடம் கண்ணின் படத்தை அனுப்பி ஆலோசனை கேட்கவும் அவை பயன்பட்டன. ஒரு படம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? 100 கிலோபைட் படம் என்றால் 800 கிலோபிட். 35 கிலோபிட் வேகத்தில் ஏறத்தாழ 23 நொடிகள். நோயாளி பேருந்து ஏறி மதுரைக்குப் போய்வருவதோடு ஒப்பிட்டால் இது பெரிய வசதியே. இந்த மையங்களில் எவ்வளவு உயர்ந்த வலை அட்டை வைத்திருந்தாலும் இந்த 23 நொடி குறைந்திராது. நேர்ப்பார்வையை மறைக்கும் மலைகளும் இடையே இருந்தால் இணைப்பே கிடைக்காது. கொல்லிமலை போன்ற இடங்களில் உள்ள ஊர்களின் சிக்கல் இதுதான்.

அகன்ற அலைவரிசை எவ்வளவு அகலம்?

2004-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட்டும் அதற்கு மேலும் இருந்தால் அதனை அகன்ற அலைவரிசை என்று அழைத்தது. 2005 தொடக்கத்தில் பி.எஸ்.என்.எல். அத்தகைய இணைப்பைத் தரத் தொடங்கியது. அதே தொலைபேசிக் கம்பியில், பேச்சுக்கு மேலுள்ள உயர் அலைவெண்களில் செய்தியை அனுப்பும் முறை இது.

தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் வலை அட்டை நுழைந்தது இப்போதுதான். புதிய மோடத்தை ஈதர்நெட் கம்பியால் இணைக்க வேண்டியிருந்ததால், அட்டை இல்லாத பழைய கணிப்பொறிக்காரர்கள் 100 மெகாபிட் அட்டை ஒன்றை வாங்கிச் செருகினார்கள். இணையம் வேகமாயிற்று. அட்டை போட்டதால் வேகம் வந்தது என்ற எண்ணம் இங்கேதான் வேரூன்றியிருக்க வேண்டும். உண்மையில் வேகம் மோடத்தினாலும் தொலைபேசி நிலையத்தில் வைத்த கருவியினாலும் வந்தது. 256 கிலோபிட்டைப் பெறுவதற்கு, 1990-ஆம் ஆண்டின் 10 மெகாபிட் அட்டையே 39 மடங்கு அதிகம்! 700 மெகாபைட் கோப்பு ஒன்றை அந்த அட்டை 10 நிமிடத்துக்குள் கொடுத்துவிடும்; 256 கிலோபிட் இணைப்போ 6 மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. செம்புக் கம்பியில் உயர் அலைவெண்கள் தூரம் செல்லச் செல்ல விரைவாக நலிந்துவிடும். தொலைபேசி நிலையத்துக்கு அருகில் இருப்பவருக்கு நல்ல வேகம். நான்கைந்து கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்து வீட்டில் இருப்பவருக்கு மிகக் குறைவு. ஒரே அட்டை, ஒரே கட்டணம், வெவ்வேறு வேகம். 'அகன்ற அலைவரிசை' என்ற சொல்லின் அளவுகோல் 2013-இல் 512 கிலோபிட்டாகவும், 2023-இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. அந்த 2 மெகாபிட் கூட மெட்காஃபின் முதல் வலையைவிடக் குறைவு என்பதைக் கவனியுங்கள்.

கண்ணாடி இழை வந்தபின்

2011-இல் மத்திய அரசு, ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பின்னர் அது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் இலக்குடன் டான்பிநெட் என்ற அரசு நிறுவனம் இப்பணிக்கென அமைந்தது. இன்னொரு பக்கம் தனியார் நிறுவனங்களும் கம்பிவடத் தொலைக்காட்சி நடத்துநர்களும் வீடுகளுக்கே இழை இழுத்து 100, 200, 300 மெகாபிட் என விற்கத் தொடங்கினர்.

இப்போது நிலைமை தலைகீழாகிவிட்டது. 300 மெகாபிட் இழை வந்து நிற்கும் வீட்டில், 2006-இல் வாங்கிய 100 மெகாபிட் அட்டையுடன் கணிப்பொறி இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வாசலிலேயே நின்றுவிடும். பல ஆண்டுகளாக வெளியே திரிந்த குறுகலான இடம் மறுபடியும் பெட்டிக்குள் வந்துவிட்டது. இந்த ஒரு நிலையில்தான் "லேன் கார்டை மாற்றுங்கள்" என்னும் யோசனை முழுமையாகப் பொருந்தும்.

அளந்து பார்த்தபின் வாங்குக

ஆகவே பணம் செலவழிக்கும் முன் அளந்து பார்ப்பது அவசியம். முதலில், கட்டணத் திட்டத்தின் வேகம் என்ன என்று பாருங்கள். அது 100 மெகாபிட்டுக்குள் இருந்தால், 100 மெகாபிட் அட்டையை மாற்றுவதில் பயனில்லை. அதற்கு மேல் இருந்தால், இணையப் பெட்டியிலிருந்து கணிப்பொறிக்கு நேராகக் கம்பி போட்டு வேகத்தைச் சோதியுங்கள். ஒவ்வொரு செய்தித் துண்டோடும் முகவரி முதலிய குறிப்புகளும் போக வேண்டியிருப்பதால், 100 மெகாபிட் அட்டை உண்மையில் 94, 95 மெகாபிட்டுக்கு மேல் தராது. சோதனை ஒவ்வொரு முறையும் இந்த எண்ணிலேயே வந்து நின்றால் அட்டைமீது சந்தேகப்படலாம்.

அப்போதும் அவசரப்பட வேண்டாம். கம்பியின் நான்கு இணைகளில் ஒன்று அறுந்திருந்தாலும், கிகாபிட் அட்டையே 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். கம்பியை மாற்றிப் பார்ப்பது அட்டையை மாற்றுவதைவிட மலிவு.

அட்டை வாங்குவது என்று முடிவானால், செருகும் இடத்தைக் கவனிக்க வேண்டும். பழைய பி.சி.ஐ. துளைகள் எல்லாம் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ளும் பாதையின் உச்ச அளவு நொடிக்கு 133 மெகாபைட். அதாவது ஏறத்தாழ ஒரு கிகாபிட். அந்தப் பாதையையே பயன்படுத்தும் பிற கருவிகளின் பங்கு போக, கிகாபிட் அட்டைக்குச் சில நூறு மெகாபிட்டே மிஞ்சும். அடுத்து வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துளையில், மிகச் சிறியதுகூட ஒவ்வொரு திசையிலும் 250 மெகாபைட் தரும். அது கிகாபிட் அட்டைக்குத் தாராளம். கணிப்பொறியின் செயலகம் மிகப் பழையதானால், நொடிக்கு 80,000 செய்தித் துண்டுகள் வரை வந்து விழும்போது அதனாலேயே ஈடுகொடுக்க முடியாமல் போகலாம்.

எந்த அட்டையாலும் மாற்ற முடியாதவையும் உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 3,000 கிலோமீட்டருக்கு மேல். போக 15 மில்லி நொடி, திரும்பி வர 15 மில்லி நொடி. இத்தாமதம் இயற்கை விதித்தது. மாலை நேரத்தில் வேகம் குறைவதற்கு வேறு காரணம்: தெருவுக்கு வரும் ஓர் இழையின் நொடிக்கு 2.5 கிகாபிட்டைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். 64 வீடுகளும் ஒரே சமயத்தில் முழுமூச்சாகப் பயன்படுத்தினால் ஒரு வீட்டுக்கு 39 மெகாபிட்தான் வரும்.

யாருடைய பொறுப்பு?

2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையவழி நடைபெறுகிறது. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடமே இணையத்துக்குப் போயிற்று. மலைக் கிராமத்து மாணவர்கள் தொடர்பு தேடி உயரமான இடங்களுக்கு ஏறிய செய்திகளைப் படித்தோம். வேகம் குறைவது ஒரு மாணவனுக்கு வெறும் சலிப்பு அன்று. தவறிப்போன விண்ணப்பமாகவும், கேட்காமல் போன பாடமாகவும் ஆகக்கூடும்.

அந்த மாணவனின் வீட்டாரிடம் அட்டையை மாற்றுங்கள் என்று சொல்லும்போது, வேகக் குறைவுக்குக் காரணம் அவர்கள் வீட்டுப் பெட்டியே என்று சொல்லிவிடுகிறோம். வரலாறு காட்டுவது வேறு. 1995 முதல் கண்ணாடி இழை வந்து சேரும் வரை, குறுகலான இடம் வீட்டுக்கு வெளியேதான் இருந்தது. இழை வராத ஊர்களில் இன்றும் அங்கேயே இருக்கிறது. அதனை அகலமாக்கும் வேலை ஒரு குடும்பத்தின் கைக்காசால் ஆகாது. அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியது. இழை வந்துவிட்ட ஊர்களில் 100 மெகாபிட் அட்டையை மாற்றிக்கொள்வது வீட்டாரின் வேலை. எனவே, உங்கள் ஊரில் குறுகலான இடம் எது என்று முதலில் அளந்து பாருங்கள். அது பெட்டிக்குள் இருந்தால் கடைக்குப் போங்கள். வெளியே இருந்தால், ஊராட்சிக்கு வந்த இழை ஏன் பள்ளிக்கும் நூலகத்துக்கும் வந்து சேரவில்லை என்று கிராம சபையில் கேளுங்கள்.